இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமைச் சான்றாவணங்கள்

இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமைச் சான்றாவணங்கள் என்பவை, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் கரையோரம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களும், இலங்கையிலோ இந்தியாவிலோ குடியுரிமை அல்லது வதிவுரிமை பெறுவதற்காகக் காட்டவேண்டியிருந்த பத்திரங்களைக் குறிக்கும். பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துச் செக்ரோல் பதிவு, பற்றுச்சீட்டு, சத்தியக் கடதாசி, இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, அகதி அடையாள அட்டை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. மலையகத் தமிழர் என்றும் அழைக்கப்படும் இம்மக்களுள் பெரும்பாலோருக்கு நாட்டில் வாழ்ந்தது உண்மையா என்பது சிக்கலாக இருக்கவில்லை. வாழ்ந்ததை எழுத்தில் மெய்ப்பிக்க முடியுமா என்பதே சிக்கலாக இருந்தது. இலங்கை 1948இல் விடுதலை பெற்றபின் நாடற்றவர்களாக்கப்பட்ட பல இலட்சம் பேரின் வரலாறு இந்த வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

கடற்பயணமும் தொடக்ககாலச் சீட்டுகளும்

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய சிறு துறைகளிலிருந்து பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். இந்தியாவும் இலங்கையும் அப்போது ஒரே பேரரசின் ஆட்சியில் இருந்தமையால், பயணிக்கு இன்றைய பொருளிலான கடவுச்சீட்டோ நுழைவு அனுமதியோ தேவைப்படவில்லை. எவர் எப்போது வந்தார் என்ற ஆள்வாரியான பதிவும் பெரும்பாலும் வைக்கப்படவில்லை. வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தோரின் பெயர்களும் இவ்வாறே பதிவின்றிப் போயின.

தொழிலாளரைத் திரட்டிச் சென்றவர் கங்காணி ஆவார். ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, உணவு ஆகியவை தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் குழு, அக்கடனைக் குறிப்பிட்டுத் தோட்டத் துரை கொடுத்த துண்டு எனப்படும் சீட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். கடன் தொகையைச் செலுத்தும் தோட்டம் அக்குழுவைப் பெற்றுக்கொள்ளும் என்பதே துண்டின் பொருள். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வழக்கில் இருந்தது. செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகட்டைத் தொழிலாளர் அணிந்து சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வழி தவறாமல் போய்ச்சேர இது உதவியது. அதே நேரத்தில் பயணச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதையும் அது காட்டியது. துண்டும் தகரச் சீட்டும் தொழிலாளியின் கையில் இருந்த முதல் ஆவணங்கள் எனலாம். ஆனால் இரண்டும் தோட்டத்தின் உரிமையைக் காப்பதற்காக உருவானவை. அவற்றைச் சுமந்தவருக்குப் பிற்காலத்தில் பயன்படும் எதையும் அவை பதிவுசெய்யவில்லை.

மண்டபம் முகாம்

தோட்ட உரிமையாளர்களின் முயற்சியால் 1904இல் நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையகம், திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு செயற்பட்டது. 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை தொடருந்தும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியதும், ஆட்களின் போக்குவரத்து ஒரே வழியில் குவிந்தது. பாலத்துக்கு முன், பெருநிலப்பரப்பின் கடைசியில் உள்ள மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு தொற்றுத்தடை முகாமை நடத்தியது. இந்திய மண்ணில் இருந்துகொண்டே வேறொரு நாட்டின் குடிவரவு வாயிலாக இயங்கியது இம்முகாமின் தனித்தன்மையாகும்.

திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோர் இங்கு சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். அம்மை குத்துதல், உடைகளைக் கிருமிநீக்கம் செய்தல், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தல் ஆகியவை முடிந்தபின்பே கப்பலேற அனுமதி கிடைத்தது. பெயர், ஊர், செல்லும் தோட்டம் முதலிய விவரங்களும் எழுதப்பட்டன. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து ஆள்திரட்டலில் இந்திய அரசின் மேற்பார்வை கூடியது. 1923இல் கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார்.

1939ஆம் ஆண்டு ஆகத்து 1 முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அதன்பின் புதிய ஆட்களின் வருகை பெரும்பாலும் நின்றது. பத்தாண்டு கழித்து வசிப்புக் காலம் கணக்கிடப்பட்டபோது இந்த நாள் மறைமுகமாக முக்கியத்துவம் பெற்றது.

1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள்

1946ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இலங்கையில் சுமார் 7,80,000 இந்தியத் தமிழர் இருந்தனர். 1948ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெற, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. தாய்வழிப் பிறப்பு கணக்கில் கொள்ளப்படவில்லை. சிங்களவர், இலங்கைத் தமிழர், முசுலிம்கள் ஆகியோருள்ளும் தந்தையின் பிறப்புச் சான்றிதழைக் காட்ட இயலாதவர் பலர் உண்டு. ஆயினும் அவர்களிடம் அது கேட்கப்படவில்லை. பெயராலும் ஊராலும் இந்திய வம்சாவளியினராகத் தோன்றியவரிடமே அது கேட்கப்பட்டது. எனவே சட்டத்தின் சொற்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தும் அதன் பளு ஒரு சாரார் மீதே விழுந்தது.

இச்சட்டத்தால் விலக்கப்பட்டோருக்கென 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1949 ஆகத்து 5 முதல் 1951 ஆகத்து 5 வரையான ஈராண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1946 சனவரி 1க்கு முன், திருமணமானவர் 7 ஆண்டுகளும் திருமணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது வசித்திருக்க வேண்டும். அந்நாளிலிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரையும் வசிப்புத் தொடர்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டில் இல்லாதிருந்தால் வசிப்பு அறுந்ததாகக் கருதப்பட்டது. இவற்றோடு, போதிய நிலையான வருமானம் உண்டென்றும், மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் தம்முடன் வசித்தவர் என்றும் காட்ட வேண்டும்.

அதாவது, திருமணமான ஒருவர் 1939 சனவரி 1 முதலும், திருமணமாகாதவர் 1936 சனவரி 1 முதலும் இலங்கையில் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1939 ஆகத்துத் தடையை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், 1949இல் தோட்டத்தில் வேலைசெய்துகொண்டிருந்த குடும்பத் தலைவருள் மிகப் பலர் இந்தக் காலவரையறையை உண்மையில் நிறைவேற்றியவராகவே இருந்திருப்பர். ஆனால் சட்டம் கேட்டது சான்று.

விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டவை

விண்ணப்பம் குறித்த படிவத்தில் எழுதப்பட்டு, சத்தியக் கடதாசியுடன் அளிக்கப்பட்டது. சத்தியக் கடதாசி என்பது தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரம் என வழங்கும் உறுதிமொழி ஆவணம் ஆகும். வசிப்பை நிறுவுவதற்கு மிகவும் பயன்பட்டது செக்ரோல் எனப்படும் தோட்டத்துப் பெயர்ப்பதிவேடு. காலைப் பெரட்டில் யார் யார் வேலைக்கு வந்தனர், எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு சம்பளம் என்பன அதில் எழுதப்பட்டன. ஒரே தோட்டத்தில் தொடர்ந்து இருந்தவருக்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் ஓரளவு போதுமானதாக இருந்தது. தோட்டம் மாறியவர் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் தனித்தனியே கடிதம் பெறவேண்டியிருந்தது. வேலையிலிருந்து விலகியபோது கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். பேச்சுவழக்கில் பத்துச்சீட்டு எனப்பட்ட இது, வேலைநீக்கத்தின் அடையாளமாகவே தோட்டங்களில் அஞ்சப்பட்டது; பின்னர் அதுவே வசிப்பின் சான்றாக மாறியது.

பிறப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. தோட்டத்துப் பிறப்புகளைத் தோட்ட நிர்வாகமே பதிவாளருக்கு அறிவித்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு அனுப்பப்படுவது உண்டு. ஆகவே சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே நின்றது. வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்றாகவும், கணக்கப்பிள்ளை செக்ரோலில் எழுதிய பெயர் வேறொன்றாகவும், எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் மூன்றாவதாகவும் இருந்தன. முத்துச்சாமி என்பவர் ஓரிடத்தில் முத்து, இன்னோரிடத்தில் சாமி என எழுதப்பட்டிருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு மற்றொரு சத்தியக் கடதாசி வேண்டும். திருமணங்கள் பெரும்பாலும் சடங்குமுறைப்படி நடந்து, பதிவுசெய்யப்படாமல் விடப்பட்டமையால், கணவன் மனைவி என்ற உறவுக்கும் பிள்ளையின் தந்தை யார் என்பதற்கும் சான்று தேட வேண்டியதாயிற்று.

ஊருக்குப் போய்வரும் வழக்கமும் இடையூறாயிற்று. தலைப்பிரசவம், கோயில் திருவிழா, காதுகுத்து, பெற்றோரின் இறப்பு ஆகியவற்றுக்காகத் தொழிலாளர் தலைமன்னார் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சில மாதங்கள் தங்கித் திரும்புவர். 12 மாதத்துக்குள் திரும்பினால் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் போன நாளையும் வந்த நாளையும் காட்டும் தாள் இல்லாதபோது அதை நிறுவுவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. மேலும், ஊரில் காணியோ வீடோ இருப்பதும், அங்குள்ள உறவினருக்குப் பணம் அனுப்புவதும் இலங்கையில் நிலையாகத் தங்கும் எண்ணம் இல்லை என்பதற்கு அடையாளமாகக் காட்டப்பட்டன.

விசாரணை

விண்ணப்பங்கள் இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் பதிவு ஆணையாளரிடம் சென்றன. விசாரணை அலுவலர்கள் தோட்டங்களுக்குச் சென்று விவரங்களைச் சரிபார்த்தனர். போதிய சான்று இல்லை எனக் கருதப்பட்டால், விண்ணப்பதாரருக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டு, குறித்த காலத்துக்குள் காரணம் காட்டுமாறு கேட்கப்பட்டது. அறிவித்தலைப் படிக்க ஆள் தேடி, கூலியை இழந்து, சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு நகரத்துக்குச் செல்வது தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. மறுக்கப்பட்டால் உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வழி இருந்தது. அதற்கான வசதி மிகச் சிலருக்கே இருந்தது.

இலங்கை இந்தியக் காங்கிரசு தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணிக்குமாறு கேட்டுக்கொண்டது. முடிவு நாள் நெருங்கியபோதே அது தன் நிலையை மாற்றிக்கொண்டது. இதனால் விண்ணப்பங்களின் பெரும்பகுதி கடைசி மாதங்களில் அவசரமாக நிரப்பப்பட்டது. ஆவணம் தேடுவதற்கு இருந்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இவ்வாறு கழிந்ததை அரசின் குறையாக மட்டும் கொள்ள இயலாது.

மொத்தம் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவை ஏறத்தாழ 8,25,000 பேரை உள்ளடக்கியிருந்தன. இவர்களுள் இறுதியில் குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். அதாவது ஆறில் ஒருவர். இதற்கிடையே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் குடிகள் அல்லாதோரின் வாக்குரிமையும் நீங்கியது. இச்சட்டங்கள் ஓர் இனத்துக்கு எதிரானவை என்ற வாதம் கோடகன்பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அவ்வாதம் ஏற்கப்படாது போயிற்று.

இந்தியத் தூதரகத்தில் பதிவு

இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வசிக்கும் ஒருவரோ அவர்தம் பெற்றோர், பாட்டன், பாட்டி ஆகியோருள் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தம்மை இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ள இடமளித்தது. ஆயினும் இங்கும் கேட்கப்பட்டது சான்றே. மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறிய பாட்டனின் சிற்றூர், வட்டம், அங்கு இன்னும் இருக்கும் உறவினர் ஆகிய விவரங்களைப் பேரன் சொல்லவேண்டியிருந்தது. ஊரின் பெயர் மட்டும் நினைவில் நின்று, அது எந்த வட்டத்தில் உள்ளது எனத் தெரியாதவர் பலர்.

ஒரே குடும்பம் இலங்கை அலுவலகத்திடம் தான் இந்தியத் தொடர்பு அற்றது என்றும், இந்திய அலுவலகத்திடம் தான் இந்தியத் தொடர்பு உடையது என்றும் காட்டவேண்டிய முரண்பாடு இதனால் விளைந்தது. ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்த தாள் மற்றோர் அலுவலகத்தில் எதிரான சான்றாகக் கூடும். இரண்டிலும் இடம் பெறாதவர்களே நாடற்றவர் எனப்பட்டனர்.

சிறிமா–சாத்திரி ஒப்பந்தமும் குடும்ப அட்டையும்

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாத்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 எனக் கணிக்கப்பட்ட நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவுசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் செய்யப்பட்ட உடன்படிக்கையால் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஏழு பேர் இந்தியாவுக்குச் சென்றால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்ற விகிதமும் வகுக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களிடம் இதுபற்றி எதுவும் கேட்கப்படவில்லை.

இவ்வொப்பந்தத்தின் கீழ் விண்ணப்பித்தோருக்குக் கண்டியிலிருந்த இந்தியத் துணை உயர் ஆணையகம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வழங்கியது. குடும்ப அட்டையில் உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயர், வயது, உறவுமுறை ஆகியவற்றுடன், தமிழ்நாட்டில் அக்குடும்பத்துக்குரிய மறுவாழ்வுத் திட்டமும் குறிக்கப்பட்டிருந்தது. தேயிலைத் தோட்டம், இரப்பர்த் தோட்டம், நூற்பாலை, சிறுதொழில் கடன் என்பன அத்திட்டங்கள். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களும், 1969இல் நிறுவப்பட்ட ரெப்கோ வங்கியும் இவர்களுக்கென உருவானவையே. எந்தத் திட்டம் என்பதை அறியாமலே ஒப்பமிட்டோர் இருந்தனர். தேயிலையைத் தவிர வேறு தொழில் அறியாத குடும்பத்துக்கு வணிகக் கடன் குறிக்கப்பட்டு, அது சில மாதங்களில் கரைந்துபோனதும் உண்டு.

கடவுச்சீட்டு கிடைத்தவுடன் பயணம் கைகூடிவிடவில்லை. தோட்டத்தில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் தீர்க்கப்பட வேண்டும். சொத்தை இந்தியாவுக்கு மாற்ற அனுமதி பெற வேண்டும். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என ஒப்பந்தத்திலேயே உறுதியளிக்கப்பட்டிருந்தது. கணக்குத் தீர்வது தாமதித்தால் இலங்கை வதிவு அனுமதி முடிந்து, வெளியேறுமாறு அறிவித்தல் வரும். ஒரே வீட்டில் மூத்த மகன் இலங்கைக் குடியுரிமைக்கும் பெற்றோர் இந்தியக் குடியுரிமைக்கும் தனித்தனியே விண்ணப்பித்திருந்தால், படிவங்களின்படியே குடும்பம் பிரிந்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச்சென்ற தொடருந்து அழுகைக் கோச்சி என மக்கள் வழக்கில் பெயர் பெற்றது.

இராமேசுவரத்தில் இறங்குதல்

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு மாதங்கள் நிறையுமுன், 1964 திசம்பர் 22–23 இரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பற்சேவை தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நடைபெற்றது. தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் சுங்க, குடிவரவுச் சோதனைகளை முடித்து, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். பாட்டன் அம்மை குத்திக்கொண்டு கப்பலேறிய அதே வளாகத்தில் பேரன் குடும்ப அட்டையை நீட்டிச் சிறு உதவித்தொகை பெற்று, ஒதுக்கப்பட்ட மாவட்டத்துக்குத் தொடருந்து ஏறினான்.

முகாமில் குடும்ப அட்டையே எல்லாவற்றுக்கும் திறவுகோல். அதில் இல்லாத பெயருக்கு உதவி இல்லை. அட்டை வழங்கப்பட்டதற்கும் பயணத்துக்கும் இடையே பிறந்த குழந்தை, மணம் முடித்துவந்த மருமகள் ஆகியோரைச் சேர்ப்பதற்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். மறுவாழ்வுத் திட்டங்களில் அமர்ந்த பிறகும் அட்டையின் தேவை நீங்கவில்லை. பட்டியல் சாதியினருக்கான சாதிச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் சென்றவர்களிடம், தந்தையின் சாதியைக் காட்டும் பழைய தமிழ்நாட்டு ஆவணம் கேட்கப்பட்டது. இலங்கையில் பிறந்து வளர்ந்த தந்தைக்கு அத்தகைய ஆவணம் இருக்க வாய்ப்பில்லை. கூடலூர், கோத்தகிரி முதலிய பகுதிகளில் இச்சிக்கல் நெடுங்காலம் நீடித்தது.

1984ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் காரணமாகக் கப்பற்சேவை நின்றபோது, நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்திருந்தனர். இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் கப்பலேற முடியாதவர்களாகப் பல்லாயிரம் பேர் மலைநாட்டில் தங்கிவிட்டனர்.

இலங்கையில் தீர்வு

இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்க 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. கப்பலேறாமல் தங்கியோரையும் உள்ளடக்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமை உடையோர் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஒருவகை உறுதிமொழியும் மற்றையோர் வேறுவகை உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் போதும். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகத்தின் துணையோடு நடந்த பதிவு இயக்கத்தில், பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் இவ்வாறு பதிந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஆண்டுகூட இடைவெளி இல்லாத வசிப்புச் சான்று கேட்கப்பட்டதையும், 2003இல் ஒரு தாளில் உறுதிமொழி போதுமானதாக இருந்ததையும் ஒப்பிட்டு நோக்கலாம். மக்கள் மாறவில்லை; கேட்ட சான்றின் அளவே மாறியது.

அகதிகளும் ஆவணங்களும்

1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்முறைகளால் மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சி முதலிய வன்னிப் பகுதிகளுக்குப் பெயர்ந்த இந்திய வம்சாவளியினர் பலர், போரின்போது ஈழத்தமிழ் அகதிகளுடன் சேர்ந்து படகுகளில் தனுஷ்கோடிக் கரையிலும் அதனை அடுத்த மணல்திட்டுகளிலும் இறங்கினர். மண்டபம் முகாம் இம்முறை அகதிகளின் வரவேற்பிடமாயிற்று. பெயர், சொந்த ஊர், குடும்ப விவரம் ஆகியவை எழுதப்பட்டுக் காவல்துறை விசாரணை முடிந்தபின், பதிவும் அடையாள அட்டையும் கிடைத்தன; பின்னர் மாநிலத்தின் பிற முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயரிட்டது.

படகில் வந்தவர் கடவுச்சீட்டுடன் வருவதில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிய பயண ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி ஆவார். பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ அவர் குடியுரிமை கோர இயலாது. ஆகவே 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கப்பலில் வந்திருந்தால் குடிமகனாக இருந்திருக்கக் கூடியவர், படகில் வந்தமையால் நாற்பது ஆண்டு முகாமில் இருந்தும் அயலவராகவே கருதப்பட்டார். திருச்சிராப்பள்ளி கொட்டப்பட்டு முகாமிலுள்ள இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், 2019 சூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் விண்ணப்பங்களை நடுவண் அரசு பரிசீலிக்க வேண்டும் எனப் பணித்தது.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நாளே முதன்மையான சான்றாகும். 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1க்கு முன் வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள் ஆவர். 1986 ஏப்ரலில் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், பிறப்புச் சான்றிதழைக் காட்டியும் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டமையால் நீதிமன்றத்தை நாடினார். 2022 ஆகத்தில் அதே மதுரைக் கிளை அவரை இந்தியக் குடிமகள் என ஏற்றது. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மேற்சொன்ன நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. 2004 திசம்பர் 3க்கு முன் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியாக இருக்க வேண்டும், அதன்பின் பிறந்தவர்க்கு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது.

இலங்கைக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்கள், இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று பெற வேண்டும். இதற்குப் பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றுகள் தேவை. போரில் வீடும் பதிவகமும் எரிந்தவர்களுக்கு இவற்றைத் திரட்டுவதில், 1984இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் உதவிவருகிறது. பெற்றோரே நாடற்ற இந்திய வம்சாவளியினராக இருந்தால் சிக்கல் மீண்டும் 1949க்குச் செல்கிறது; போரினால் இந்தியாவுக்கு வந்தவர்களையும் உள்ளடக்குமாறு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் 2009இல் திருத்தப்பட்டன.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது 2022 மார்ச்சு முதல் தனுஷ்கோடியில் இறங்கியோருள் முதலில் வந்தவர்கள், கடவுச்சீட்டின்றி நுழைந்ததற்காகச் சிறைக்காவலில் வைக்கப்பட்டுப் பின் பிணையில் மண்டபம் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி ஆகியன இன்மைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. அவ்வாணை குடியுரிமை எதையும் வழங்கவில்லை.